பானகம் முதலில், கேள்வி பிறகு

எனக்குச் சாமியோடு ஒரு சண்டையும் கிடையாது. சாமி பேரைச் சொல்லிக்கொண்டு என் நோயாளியைச் சுற்றி நின்று மூச்சுக்காற்றை மறைக்கிறார்களே, அவர்களோடுதான் சண்டை. நாவல்மரத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் தெரேசர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, வாரம் ஒருமுறை சுங்கைப்பட்டாணியிலிருந்து வரும் வெள்ளைக்கார டாக்டருக்கு முன்னால் கை கட்டி நிற்பது, இதுதான் உத்தியோகம். பரஞ்சோதி என்ற என் பெயர் செக்ரோல் புத்தகத்தில் மட்டும் இருந்தது. வரிசை வீடுகளில் இருந்த லயத்து ஜனங்களுக்கு நான் 'முசுட்டு தெரேசர்'. அதிலும் தப்புச் சொல்ல முடியாது.

தோட்டம் மலாயாவில், கெடாவின் செமிலிங்கிலிருந்து மூன்று கல் தள்ளி, ஜெராய் மலையின் காலடியில் இருந்தது. விடிந்தால் மலையிலிருந்து மேகம் இறங்கி ரப்பர் நிரைகளுக்குள் புகுந்துவிடும். எதிரே வருகிறவரின் இடுப்புக்குக் கீழே தெரியாது. புதிதாக வருகிறவர்கள் பயப்படுவார்கள். எங்களுக்கு அது பழகிய விஷயம்.

அம்சவள்ளி முதன்முதலில் என்னிடம் வந்தது ஜப்பான்காரன் வருவதற்கு முந்தைய வருஷம். பால்மரம் வெட்டுகிறவள். இருபது வயது, கல்யாணமாகி எட்டு மாதம். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கருப்பாயிதான் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

“காத்துக் கருப்பு அடிச்சிருக்குங்க ஐயா. வாளித் தண்ணிய அப்படியே குடிக்கிறா. குடிச்ச ஒடனே வெளிய ஓடுறா. உருகிப் போயிட்டா பாருங்க.”

“ஓடுற எடத்துல எறும்பு மொய்க்குதா?” என்று கேட்டேன்.

அம்சவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். கருப்பாயிக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. “சாரி சாரியா மொய்க்குதுங்க.”

சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அவளுடைய நீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினேன். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. மஞ்சளில் நின்றுவிடக் கூடாதா என்று நினைத்தேன். நிற்கவில்லை, செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. தோட்டத்தில் வயதான சிலருக்கு உண்டு, சோற்றைக் குறைத்தால் அடங்கிவிடும். இளம் உடம்பில் வருவது வேறு ஜாதி. அதற்கு ஊசி ஒன்றுதான் வழி, தினமும், சாகிறவரைக்கும்.

டாக்டர் எனக்கு இரண்டு விஷயம் சொல்லிக்கொடுத்தார். சர்க்கரை ஏறினால் நாக்கு உலரும், மூச்சு ஆழமாக இரைக்கும், வாயில் அழுகிய பழ வாசனை அடிக்கும். இது நாள் கணக்கில் வரும், யோசிக்க நேரம் கிடைக்கும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். குப்பென்று வேர்க்கும், கை நடுங்கும், நாக்கு குழறும், புத்தி எங்கோ போய்விடும். இது நிமிஷக் கணக்கு. உடனே இனிப்பு கொடுக்காவிட்டால் வலிப்பு, பிறகு மயக்கம், பிறகு ஒன்றுமில்லை. “முதலாவதுக்கு என்னைக் கூப்பிடு, இரண்டாவதுக்குச் சர்க்கரையைத் தேடி ஓடு” என்றார்.

ஜப்பான்காரன் கெடாவுக்குள் நுழைந்த வாரத்தில் டாக்டர் தெற்கே போய்விட்டார். போகிற அவசரத்தில் இன்சுலின் குப்பிகள் அடங்கிய ஒரு தகரப்பெட்டியை என் கையில் திணித்தார். பனிக்கட்டிப் பெட்டி அவரிடம்தான் இருந்தது, என்னிடம் இல்லை. மருந்து சூட்டில் கெட்டுவிடும். குப்பிகளை ஈரத்துணியில் சுற்றி, மண்பானையில் வைத்து, வாயைக் கட்டி ஆஸ்பத்திரிக் கிணற்றுக்குள் கயிற்றில் இறக்கினேன். தினம் காலையில் ஒருத்தியின் உயிரைக் கிணற்றிலிருந்து சேந்தி எடுத்து, ஒரு ஊசி அளவு எடுத்துக்கொண்டு, மறுபடி இறக்கி வைப்பேன்.

பிறகு வந்த காலத்தை எப்படிச் சொல்வது? அரிசி குறைந்து மரவள்ளிக் கிழங்கு வந்தது. ரப்பர் வெட்டுவது நின்று, நிரைகளுக்கு நடுவே எல்லோரும் கிழங்கு நட்டார்கள். ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தான். அவன் ஊர் நேரம் எங்களுக்கும் வேண்டுமாம். ஆபீஸ் சுவரில் விடிந்துவிட்டிருக்கும், வெளியே இருட்டாக இருக்கும். அரைப் பசியும் தப்பான நேரமுமாக எல்லோரும் தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரி நடந்தோம். பேசிக்கொண்டிருக்கும்போதே சிலர் நிறுத்திவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என்ன பேசினோம் என்பது கேட்டவருக்கும் மறந்துபோயிருக்கும்.

அதற்கு நடுவிலும் அவளை நான் விடவில்லை. கிழங்கைப் பால் நிறுக்கும் தராசில் நிறுத்துக் கொடுத்தேன். வெறுங்காலோடு நடந்து அட்டை கடித்துப் புண்ணானால் இந்த வியாதிக்காரிக்கு ஆறாது. கார் டயரை அறுத்துச் செருப்புத் தைத்துக் கொடுத்தேன். ஊசி முனை மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டினேன். நீல மருந்து தீர்ந்தபிறகு அவள் நீரை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். முகம் சுளிக்க வேண்டாம், வேறு வழி இருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேனா? சர்க்கரை வியாதிக்காரிக்காகச் சர்க்கரை தேடி அலைகிற தெரேசர் என்று லயமே சிரித்தது. யான் என்ற ஊர்ப்பக்கத்து மலாய்க் கம்பத்துக் கிராமங்களில் காய்ச்சுகிற தென்னை வெல்லத்தை, என் நல்ல வேட்டிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து வாங்கி வந்தேன். அவள் முந்தானையில் எப்போதும் ஒரு துண்டு முடிந்திருக்கும்.

மறு வருஷம் சயாமுக்கு ஆள் கேட்டார்கள். ரயில் பாதை போட. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆண்களை வரிசையில் நிறுத்தி, உடம்பு பார்த்து எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஜப்பான் ஆபீசர் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றான். முதலில் வந்த ஏழு பேருக்கும் காய்ச்சல் கட்டி இருக்கிறது, லாயக்கில்லை என்று எழுதினேன். ஏழாவது ஆளைத் தள்ளி நிற்கச் சொன்னதும் என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. காது ரீங்கென்றது. எட்டாவதாக வந்து நின்றவன் என் தம்பி மனோகரன், பத்தொன்பது வயது. சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நான் காப்பாற்றிவிடுவேன் என்ற தைரியத்தில் சிரித்தான்.

லாயக்கு என்று எழுதினேன்.

ஒன்பதாவது அம்சவள்ளியின் புருஷன் வடிவேலு. அவனுக்கும் அதையே எழுதினேன். அதற்குப் பிறகு வந்த எல்லோருக்கும் அதையே எழுதினேன். இரண்டு பேரும், கருப்பாயியின் இரண்டு மகன்களும் ஒரே லாரியில் போனார்கள். வடிவேலுவுக்கு அப்பன் ஆத்தாள், கூடப் பிறந்தவர்கள் என்று யாரும் கிடையாது, கையசைத்து அழ அம்சவள்ளி ஒருத்திதான். நான் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்துவிட்டேன்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை. காலையில் வழக்கம்போல் ஊசி போட்டு அனுப்பினேன். அரை மணி கழித்துக் கோயில் பக்கம் உடுக்கைச் சத்தம் கேட்டது. கூடவே பெண்களின் குலவை. கருப்பாயி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“ஐயா, நம்ம அம்சாவுக்கு ஆத்தா வந்துருச்சு! மேலெல்லாம் வேர்வை, கை காலு ஆடுது, நாக்கு கொழறுது. எல்லாருக்கும் குறி சொல்லுது!”

“காலையில கெழங்கு தின்னாளா?”

“அது எப்படித் திங்கும்? புருசன் திரும்பி வரணும்னு வெரதமில்ல.”

வெல்லத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாரியம்மன் கோயில் வாசலில், வேப்பிலைக்கு நடுவே, மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. என்னைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. முகத்தில் அப்படி ஒரு அமைதி. எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்த கருப்பாயி அவள் காலடியில் விழுந்து, “என் பெரிய மவன் எங்க ஆத்தா?” என்று கதறினாள்.

“ஆத்துக்குள்ள நிக்கிறான்” என்றாள் அம்சவள்ளி, தூக்கத்தில் பேசுவதுபோல. “மரம் தூக்குறான். வெளிச்சமா இருக்கு.”

நிற்கிறான் என்றால் உயிரோடு இருக்கிறான். பெண்கள் ஓவென்று அழுதார்கள், அவ்வளவும் சந்தோஷ அழுகை. நான் முழங்கையால் இடித்துத் தள்ளி உள்ளே போனேன். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து அவள் வாயில் ஊற்றினேன். பத்து நிமிஷத்தில் வேர்வை நின்றது. கண்கள் திரும்பி வந்தன. “ஏன் எல்லாரும் இங்க நிக்கிறீங்க?” என்று கேட்டு, ஈரச் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

கருப்பாயி என்னைச் சுட்டுவிடுவதுபோல் பார்த்தாள். “சின்னவனப் பத்திக் கேக்கறதுக்குள்ள வெரட்டிட்டீங்களேய்யா.”

அன்று சாயங்காலம் அம்சவள்ளியை உட்காரவைத்து என்ன நடந்தது என்று விசாரித்தேன். நோயாளியின் குறிப்பில் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

“ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க. மொதல்ல மரமெல்லாம் வெள்ளையாச்சு. பால் கொட்டிக் கெடக்கற மாதிரி தரை. பாதமே தரையில படல. தூரத்துல ஆளுங்க நடந்தாங்க, நெறையப் பேரு. மூஞ்சி தெரியல. யாரு என்ன கேட்டாங்க, நான் என்ன சொன்னேன், எதுவும் தெரியல. அப்புறம் வாயில இனிப்பு வந்துச்சு. எல்லாம் போயிருச்சு.” முந்தானை முடிச்சைத் திருகினாள். “சொகமா இருந்துச்சுங்க ஐயா. பசியே இல்ல.”

விரதம் கூடாது என்று கத்தினேன். சரி என்றாள். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை ஊசி போட்டுவிட்டு நான் வெல்லம் வாங்க யான் ஊருக்குப் போயிருந்தேன். ஊசி போட்டுக்கொண்டவளுக்குக் கிழங்கு கொடுக்க யாரும் முன்வரவில்லை. ஆத்தா வருகிற நாளில் ஆத்தாளுக்குத் தீட்டாகக் கிழங்கு கொடுக்கலாமா என்று அவர்களுக்கு யோசனை. திரும்பி வந்தபோது அரை மணி நேரமாகக் கேள்விகள் நடந்துகொண்டிருந்தன. அவள் பதில் சொல்வதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். வாய் ஓரத்தில் நுரை. சாமி மலையேறிவிட்டது, களைத்துத் தூங்குகிறாள் என்று கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் பிணத்தைத்தான் கும்பிட்டிருப்பார்கள். அவளைத் திருப்பிக் கொண்டுவர எனக்குப் பொழுது சாய்கிறவரை ஆனது.

திட்டினால் இவர்கள் கேட்க மாட்டார்கள். ஆத்தா இல்லை, மருந்துதான் என்று சொன்னால் என்னையே லயத்தைவிட்டு ஓட்டிவிடுவார்கள். சயாமிலிருந்து ஒரு கடுதாசி கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. அவர்களுக்குத் தகவல் வருகிற ஒரே வழி அம்சவள்ளியின் குழறல்தான். அதை எப்படி அடைப்பது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பூசாரி பிச்சையைத் தேடிப் போனேன். பகலில் மாட்டுக்கொட்டகை வேலை, மற்ற நேரத்தில் பூசாரி. நல்ல மனுஷன், கொஞ்சம் பேராசை உண்டு.

“பிச்சைண்ணே, ஆத்தா தூரத்துலேருந்து வர்றா. வந்தவளுக்குத் தாகத்துக்கு என்ன குடுக்கறீங்க?”

“என்ன குடுக்கறது? வேப்பிலைதான்.”

“வேப்பிலையா? திருவிழாவுக்கு என்ன படைப்பீங்க?”

அவர் யோசித்தார். “பானகம்.”

“அதான் சொல்றேன். கூப்புட்டு ஒக்கார வச்சு, பானகம் குடுக்காம கேள்வி கேட்டா ஆத்தாளுக்குக் கோவம் வராதா? அந்தப் புள்ளைய அடிச்சுப் போட்டுட்டாளே, பாத்தீங்கல்ல?”

பிச்சை என்னை ஏற இறங்கப் பார்த்தார். எல்லாம் புரிந்தவர்போல் மீசையைத் தடவினார். “வெல்லத்துக்கு எங்க போறதுங்க ஐயா? ரொம்ப சூசா, கஷ்ட காலமாச்சே.”

“நான் தாரேன். ஒங்களுக்கும் ஒரு கட்டி.”

அந்த வெள்ளிக்கிழமை பிச்சை பெரட்டுக் களத்தில் நின்று அறிவித்தார். ஆத்தா கனவில் வந்தாளாம். இனி அவள் இறங்கினால் முதலில் பானகம், கேள்வி பிறகு. மாற்றிச் செய்தவர் குடும்பம் தழைக்காது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துண்டு வெல்லத்தை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தேன். யாரும் அதில் வாய் வைக்கவில்லை. அந்தப் பஞ்சத்திலும், வீட்டில் குழந்தை இனிப்புக்கு அழுதபோதும், ஆத்தாளின் வெல்லத்தைத் தொடவில்லை. என் பேச்சுக்கு அவர்கள் காட்டாத மரியாதை அது.

வேலை செய்தது. அதற்குப் பிறகு மூன்று தரம் அவளுக்குச் சர்க்கரை இறங்கியது. மூன்று தரமும், கிழங்குக் காட்டிலோ தண்ணீர்க் குழாயடியிலோ, யாரோ ஒருத்தி ஓடிப்போய் முதலில் பானகம் கொடுத்தாள். கேள்வி கேட்க வாயெடுப்பதற்குள் அம்சவள்ளி எழுந்து உட்கார்ந்துவிடுவாள். “ஆத்தா வந்தா, குடிச்சா, போயிட்டா. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாளே” என்று கருப்பாயி புலம்பினாள். எனக்குள் ஒரே சிரிப்பு. டாக்டர் இருந்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு கர்வம்.

எங்கள் ஆட்களைச் சயாமுக்குக் கொண்டுபோனவன், அந்த வருஷக் கடைசியில் கெடாவையே சயாமுக்குக் கொடுத்துவிட்டான். அதனாலும் ஒன்றும் மாறவில்லை. தை மாதம் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒருவன் திரும்பி வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு நடந்தே போனேன். எலும்பின் மேல் தோலைப் போர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். மனோகரன் என்று பெயர் சொன்னேன். நெற்றியில் தழும்பு, சிரித்தால் ஒரு பக்கம் பல் தெரியும் என்றேன். அவன் ரொம்ப நேரம் என் வாயையே பார்த்தான். “எல்லாருக்கும் பல்லு தெரியுங்க” என்றான்.

அந்தச் சமயத்தில்தான் கிணற்றுப் பானையில் கடைசிக் குப்பியும் அடிமட்டத்துக்கு வந்தது. பெண்டாங் டவுனில் ஒரு சீன மருந்துக்கடைக்காரரிடம் ஒரு குப்பி இருப்பதாகக் கேள்விப்பட்டு, என் கைக்கடிகாரத்தைக் கொடுத்து வாங்கினேன். லேபிள் தண்ணீரில் ஊறி எழுத்து அழிந்திருந்தது. இன்சுலினில் வீரியம் குறைந்தது உண்டு, இரண்டு மடங்கு உண்டு, நாலு மடங்கும் உண்டு. எதுவென்று தெரியவில்லை. மறுநாள் காலையில் வழக்கமான அளவில் முக்கால் பங்கு போட்டேன். பாதி போட்டிருக்க வேண்டும். கிழங்கைக் கையோடு தின்னவைத்து, கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரச் சொன்னேன். பானகத்தையும் கரைத்துத் தயாராகக் குவளையில் வைத்துக்கொண்டேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மேகம் ஜன்னல்வரை வந்துவிட்டது. மற்றவர்கள் எல்லோரும் கிழங்குக் காட்டில் இருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவள் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது. விரல்கள் நடுங்கின. பிறகு அந்தப் பார்வை வந்தது. என்னைத் தாண்டி, சுவரைத் தாண்டிப் போகிற பார்வை.

குவளையை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் மண்டியிட்டேன். அவள் உதடுவரை கொண்டுபோனேன். அங்கே என் கை நின்றுவிட்டது.

எனக்கு எல்லாம் தெரியும். மூளைக்குச் சர்க்கரை போகவில்லை, அதனால் உளறுகிறாள். அவளுக்குச் சயாமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. இதை இந்த லயத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்த நான்தான் குனிந்து அவள் காதில் கேட்டேன்.

“என் தம்பி எங்க இருக்கான்?”

இன்னும் நெருங்கிக் கேட்டேன்.

“மனோகரன். என் தம்பி. எங்க இருக்கான்மா?”

அவள் முகம் மெல்ல என் பக்கம் திரும்பியது. ஊற்று, ஊற்று என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். ஊற்றவில்லை. மூன்றாவது தரமும் கேட்டேன்.

“பசிக்குதுங்கிறான்” என்றாள்.

அடுத்த நொடி அவள் உடம்பு வில்லாக வளைந்தது. பற்கள் கிட்டித்துக்கொண்டன. பானகம் வாயோரமாக வழிந்து பெஞ்சில் ஓடியது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வெல்லத்தை நசுக்கி விரலால் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தேய்த்தேன். என் விரலைக் கடித்தாள். கடிக்கட்டும் என்று விட்டேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். மாரியம்மா, மாரியம்மா என்று ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். அது என் குரல்தான் என்று தெரிய நேரமானது.

வலிப்பு நின்று, மூச்சு சீராகி, அவள் கண் விழித்தபோது மழை விட்டிருந்தது. மீதிப் பானகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். என் விரலில் ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“ஏன் ஐயா அழுவுறீங்க?”

மறைத்திருக்கலாம். அவளுக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் மறைக்கப் பிடிக்கவில்லை. “பானகத்தக் கையில வச்சுக்கிட்டு ஒன்னையக் கேள்வி கேட்டேன்மா. குடுக்க வேண்டிய நேரத்துல குடுக்கல. நீ செத்திருப்ப” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. ஈரமான கூந்தலை முடிந்துகொண்டு சுவரில் சாய்ந்தாள்.

“தம்பியப் பத்தியா?”

“ம்.”

“எல்லாரும் கேட்டாங்க, நீங்க மட்டும் கேக்கலையேன்னு நெனச்சுக்குவேன். கல்லு மாதிரி மனுசன்னு நெனச்சேன்.” ஜன்னலுக்கு வெளியே மேகம் கலைவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், இல்லீங்களா? அவங்கவங்க ஆள அவங்கவங்க கேட்டாங்க. எங்க ஊட்டுக்காரரப் பத்திக் கேக்கறதுக்கு யாரு இருக்கா? நான் கேக்க முடியாதே. நான்தானே சொல்றவ.”

எனக்கு அது அதுவரைக்கும் தோன்றவே இல்லை. அத்தனை மாதம் அவள் நீரை நாக்கில் வைத்துப் பார்த்தவனுக்கு, கிழங்கை நிறுத்துக் கொடுத்தவனுக்கு, இது தோன்றவில்லை.

“ஐயா,” என்று மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “அடுத்த வாட்டி வரும்போது, பானகம் குடுக்கறதுக்கு முன்னால, எனக்காக ஒண்ணே ஒண்ணு கேப்பீங்களா? வடிவேலு எங்கன்னு. சீக்கிரமா கேட்டுட்டு, நான் என்ன சொன்னேன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க.”

“மாட்டேன்” என்றேன்.

“நீங்க கேட்டீங்களே.”

“மாட்டேம்மா.”

“நீங்க கேட்டீங்களே, ஐயா” என்று மறுபடியும் சொன்னாள். சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

மறுநாள் முதல் ஊசி அளவைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். சர்க்கரை இறங்கவே கூடாது, கொஞ்சம் ஏறியே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். நிமிஷக் கணக்கில் வருகிற சாவைத் தடுத்து, வருஷக் கணக்கில் வருகிறதை வாங்கிக்கொண்டேன். அந்தக் குப்பி வீரியம் மிகுந்தது. அதையும், பிறகு பினாங்கிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்ததையும் வைத்து, வெள்ளைக்காரன் திரும்பி வருகிறவரை அவளைக் கொண்டு சேர்த்துவிட்டேன். எலும்பும் தோலுமாகத்தான், ஆனால் உயிரோடு. அவளுக்கு அதற்குப் பிறகு ஆத்தா வரவே இல்லை. லயத்து ஜனங்கள் ஆத்தாளுக்கு எதில் குறை வைத்தோம் என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள்.

சண்டை முடிந்து, பிழைத்தவர்கள் ஒவ்வொருவராகச் சயாமிலிருந்து வந்தார்கள். கருப்பாயியின் சின்னவன் மட்டும் வந்தான். மனோகரன் வரவில்லை. வடிவேலுவும் வரவில்லை. அவனைப் பார்த்தேன் என்றோ, புதைத்தேன் என்றோ சொல்ல யாரும் இல்லை. எனக்காவது ஒரு வார்த்தை கிடைத்தது. பொய்யோ மெய்யோ, சோற்றில் கை வைக்கும் ஒவ்வொரு வேளையும் அது எனக்குக் கேட்கிறது.

அம்சவள்ளி இன்னும் பத்தொன்பது வருஷம் இருந்தாள். ஒரு காலில் இரண்டு விரல்களும், பிறகு பார்வையும் போயின. சர்க்கரையை ஏற்றியே வைத்ததற்கு நான் கொடுத்த விலை என்று சொல்ல வந்தேன், கொடுத்தது அவள். பார்வை போனபிறகும், தாலியைக் கழற்றாமல், காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவாள். பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டுவாள். ஊசி போட்டு முடிகிறவரை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருப்பாள். அந்த ஒரு கேள்வியை என்னிடம் அவள் மறுபடி கேட்கவே இல்லை.